அறையில் எத்தனை பேர்

என் மகள் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்து இறங்கியது சித்திரை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால். "எத்தன நாளும்மா இருப்ப?" என்று கேட்டேன். பெற்றவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்டுவிட்டேன். வெயில் குறைந்ததும் போய்விடுவதாகச் சொன்னாள். தெருவில் யார் விசாரித்தாலும் அதையேதான் சொன்னாள். புகுந்த வீட்டில் என்ன நடந்தது என்று என் மனைவிக்குப் பாதி தெரியும், எனக்கு அந்தப் பாதியில் பாதி. மீதியைக் கேட்கத் தெம்பில்லை.

எனக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. விடிவதற்கு முன்பே போய், வெயில் ஏறும்போது திரும்புகிறவன். பகலில் இரண்டு மணி நேரமாவது கண்ணை மூடினால்தான் மறுநாள் கால் நிற்கும். வீட்டில் இருப்பது ஒரு ரூம், ஒரு ஹால். ரூமில் நானும் மனைவியும். ஹாலில் மகளும் குழந்தையும், கூடவே போன வருஷம் வாங்கிய ஏர் கூலரும். அந்தச் சனியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலோரத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம். அது இன்னும் ஈரத்தை ஊதும். பாய், தலையணை, உடம்பு எல்லாம் பிசுபிசுக்கும், குளிர்ச்சி மட்டும் வராது. போர் தண்ணீர் வேறு ஒரே கரிப்பு. ஊற்ற ஊற்ற உள்ளே இருக்கிற தட்டியில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். காலையெல்லாம் உப்போடு மாரடித்துவிட்டு வந்து, வீட்டிலும் உட்கார்ந்து உப்பைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். என் தலையெழுத்து.

குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அது கொப்பளமாகி உடைந்தது. ஓயாத அழுகை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, பச்சைப்பிள்ளையை இப்படியா வேக விடுவீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். அதே வாரம் சம்பந்தி போன் செய்து, எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். பேச்சை வளர்க்க அலுப்பாக இருந்தது. வெயில் தாழட்டும், அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பினால் மகள் குழந்தைத் துணியோடு கதவோரம் நிற்கிறாள். காதில் விழுந்திருக்கும். துணியைக் கொடியில் போடப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு, நானும் மகளும் ஏசி வாங்கத் திண்டிவனம் போனோம். ரூமில் மாட்டி, குழந்தையை அங்கே படுக்க வைப்பதாகப் பேச்சு. கடைக்குள் நுழைந்ததும் அந்தக் குளிரில் அப்படியே தரையில் படுத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. மகள் நேராகப் போய்ச் சக்கரம் வைத்த ஏசி ஒன்றின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இதையே வாங்கிடலாம். செவுத்த ஓட்ட போட வேணாம். நான் போனப்புறம் ஓரமா தள்ளி வெச்சிக்கலாம்."

கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அது சத்தம் போடும், குளிர் பத்தாது என்றார். எந்த ஊர் என்று கேட்டு, மரக்காணம் என்றதும், அப்படியானால் காப்பர் காயில்தான், வெளிப்பெட்டியைக் கடல்காற்று நேராக அடிக்காத சுவரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் அரித்துவிடும் என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக விசாரித்தார். பத்துக்குப் பன்னிரண்டு ரூம் என்றேன். மேலே மொட்டை மாடி, மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் என்றேன். ஒரு டன் போதுமா, ஒன்றரை வேண்டுமா என்று பார்க்க இன்னும் ஒன்று தெரிய வேண்டும் என்றார்.

"ரூம்ல எத்தன பேருங்க படுப்பீங்க?"

"ரெண்டு பேருங்க. அம்மாவும் அப்பாவும்" என்று மகள் முந்திக்கொண்டாள்.

வாங்குவதே குழந்தைக்காக. அந்தக் குழந்தையையும் விட்டுவிட்டாள், தன்னையும் விட்டுவிட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, முதலில் அவள் மேல்தான். அப்படிச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நாலு பேருங்க" என்றேன். "நாங்க ரெண்டு பேரு, எம்பொண்ணு, பேரன். இனிமே எப்பவும் நாலு பேருதான். செவுத்துல மாட்டுறதையே குடுங்க."

மகள் முகத்தை பிரிட்ஜ் வரிசைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. விலையைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று கடைக்காரர் நினைத்துவிட்டார் போல. பாவம், தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். சம்பந்திக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் நெருங்கி உப்பளம் தெரிகிற இடத்தில் அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இருந்திருந்தா, நாளைக்கு நீ வேலைக்குப் போனதும் புள்ளைய தூக்கினு கெளம்பியிருப்பேன்பா."

"அந்த வீட்டுக்கேவா?"

"அங்க இல்ல. எங்கன்னு யோசிக்கல."

கண்டக்டர் மரக்காணம், மரக்காணம் என்று இரண்டு தரம் கத்தினார். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். அவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள்.