புகை போகிற வழி

என் சுட்டுவிரலை நம்பி ஒருவர் மூன்று நாள் வேலை செய்தார். அவர் என் தாய்மாமா. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா கண்டியில் ஒரு துணிக்கடை முதலாளியின் காரை ஓட்டினார். தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதியில் நின்று ஆவி விடும். விற்றுவிடப் போவதாக முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். கார் போனால் மாமாவின் வேலையும் போகும். கெஞ்சிக் கேட்டதில் நான்கு நாள் கிடைத்தது. "ஏத்தத்துல நிக்காம ஏறட்டும். ஏறுனா காரும் இருக்கும், நீயும் இருப்ப" என்றாராம் முதலாளி.

எஞ்சின் நல்ல எஞ்சின்தான், புகை வெளியே போகிற வழிதான் கெட்டுப்போயிருக்கிறது என்பது மாமாவின் கட்சி. "உள்ள இருக்கிறது வெளிய போனாத்தானே புதுசு உள்ள வரும்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

கண்டியிலேயே மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காரை நிறுத்திப் பழைய சைலன்சரைக் கழற்றினார். உள்ளே கரி அடைத்துக் கல்லாகியிருந்தது. லொறி கராஜிலிருந்து கொண்டுவந்த சற்று அகலமான குழாயைப் பொருத்தினார். அது ஒரே நாளில் முடிந்தது. மற்ற மூன்று நாளும், எஞ்சினோடு குழாய் சேரும் வார்ப்பிரும்புத் துண்டோடு போயிற்று. அதில் மூன்று ஓட்டைகள். உள்ளெல்லாம் மேடு பள்ளம். மாமா அரத்தால் ராவினார், குச்சியில் எமரிக் கடதாசியைச் சுற்றித் தேய்த்தார். ஆனால் ஓட்டை வளைகிற இடம்வரை அவருடைய தடித்த விரல் போகவில்லை. என் விரல் போனது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வெரல் வேணும்னா வெட்டித் தாறேன் தம்பி. புள்ளய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்றாள்.

"முழுப் புள்ளயும் வேணுங்க்கா. வெரலுக்கு வாய் இல்லியே" என்றார் மாமா.

எனக்கும் வாய் இருந்ததாக ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். மாமா கேட்டால் மட்டும் "தட்டுது மாமா" என்பேன். அவர் மறுபடி ஒரு மணி நேரம் ராவுவார். இரண்டு ஓட்டைகள் வழவழப்பாகிவிட்டன. மூன்றாவதில், ஆழத்தில், ஓர் அரிசி அளவு மேடு. நாலாம் நாள் பின்னேரமாகியும் அது போகவில்லை. மாமாவின் உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்துவிட்டன. துணியைச் சுற்றிக்கொண்டு, "இப்ப?" என்றார். மேடு அங்கேயே இருந்தது. எனக்குக் களைப்பா, அவர்மேல் இரக்கமா என்று இன்றும் தெரியாது.

"வழுவழுன்னு இருக்கு மாமா."

மறுநாள் காலை முதலாளி பின்னால் ஏறினார். மாமா என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார். மாவனல்லைவரை இறங்கித் திரும்பவும் ஏறிக் காட்ட வேண்டும். மாவனல்லையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதலாளியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரோ சிநேகிதர் என்று நினைத்தேன்.

கார் ஏறியது. வழக்கமாக நிற்கும் வளைவையும் தாண்டி ஏறியது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். டயர் எப்போது மாற்றியது, பெற்றோல் எவ்வளவு குடிக்கும், கார்ப் புத்தகத்தில் பேர் மாற்ற எத்தனை நாளாகும். முதலாளி பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகு மாமா சிரிக்கவில்லை.

ஏற்றத்தின் உச்சியில் வீதிக்காகப் பாறையைக் குடைந்த வாசலுக்குக் கீழே, கடைசி வளைவில், எஞ்சின் திணறியது. கார் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. மாமா எக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அவர் எடுக்கவில்லை. "எறங்கு. நடந்து வா" என்றார், என் பக்கம் திரும்பாமல். குதித்தேன். என் பாரம் குறைந்ததும் கார் முனகிக்கொண்டே வளைவைத் தாண்டிப் போனது.

என் பொய் தெரிந்துதான் இறக்கிவிட்டார் என்று அழுதுகொண்டே மேட்டில் நடந்தேன்.

மேலே, வெள்ளைச் சட்டைக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதலாளி அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். மாமா வீதியோரக் கல்லில் உட்கார்ந்து கைத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மூணாவது ஓட்டையில தட்டுச்சு. பொய் சொல்லிட்டேன்."

அவர் துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். "இருந்துட்டுப் போகுதுடா மருமவனே. இனி அது நம்ம தலையிடி இல்ல."

மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பினோம். ஏன் பஸ் என்று கேட்கவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது.

வாசலில் நின்ற அம்மா, "ஏறிச்சா?" என்றாள். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நிக்காம ஏறிருச்சும்மா."

ஆட்களைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான், அன்று வீடு வீடாகப் போய் அதைச் சொன்னேன். மாமா தடுக்கவில்லை.