பொருளாளரின் கட்டைவிரல்

அன்செல்மோ யராங்காவுக்குக் கைரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்ததுதான். பதினேழு வயதில் பெரு நாட்டின் அயகூச்சோ மலையிலிருந்து தலைநகர் லீமாவுக்கு இறங்கி வந்தவர், இருபத்தேழு வருடம் சிமென்ட் கலவையைக் கையால் தொட்டுத் தொட்டே பதம் பார்த்ததில் பத்து விரலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டன. கையுறை போட்டுக்கொண்டு சுவர் பூசுகிறவனை அவர் கொத்தனாராகவே மதிப்பதில்லை. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனால் அங்கிருக்கும் பெண் அவர் விரலை ஈரத்துணியால் துடைத்து மூன்று தரம் கருவியில் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரலையே மேஸ்திரி, நீங்க நிஜமாவே இருக்கீங்களா?" என்று கேட்பாள். அதைக் கட்டடத்தில் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பது அவருக்குப் பிடிக்கும்.

அவர் குடியிருக்கும் ரெதாமாஸ் மலைச்சரிவில் பாதிப் படிக்கட்டுகளும் பெரும்பாலான தடுப்புச் சுவர்களும் அவர் கை வைத்தவை. அவர் கட்டிய வீட்டில் நிலநடுக்கத்துக்குக்கூட விரிசல் விழாது என்பார்கள். அதனால்தான் மகள் மயூமி ஆறாம் வகுப்புக்கு வந்ததும், பெற்றோர் கூட்டத்தில் கைதூக்கி ஒருமனதாக அவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை இக்கா மணல்மேட்டுக்கு இரண்டு நாள் சுற்றுலா கூட்டிப்போவது வழக்கம். முந்தைய வருடத்துப் பொருளாளர் பணத்தைத் தகர டப்பாவில் வைத்திருந்து, தம்பி கல்யாணத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டார். எனவே இந்த முறை பணம் கைபேசிப் பணப்பையில்தான் இருக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவி ஒதீலியா முடிவாகச் சொல்லிவிட்டார். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கி, நாலாவதுக்காக மறுபடி பள்ளிக்கூடப் படி ஏறுகிற அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான்.

பணப்பை திறக்கக் கட்டைவிரல் கேட்டது. அன்செல்மோவின் விரலை அது ஏற்கவில்லை. ரகசிய எண்ணைப் போட்டுத் திறக்கலாம் என்றான் கைபேசிக் கடைக்காரன். பேருந்தில் பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயூமி, "என் விரலை வெக்கட்டுமாப்பா?" என்றாள். வைத்தாள். உடனே பச்சை நிறம் வந்தது. அது அவருக்கு இரட்டைப் பூட்டாகத் தோன்றியது. எவன் கைபேசியைப் பிடுங்கினாலும் மகள் விரல் இல்லாமல் ஒரு காசு எடுக்க முடியாதே. இந்தப் புத்திசாலித்தனத்தை மனைவி நெலிதாவிடமும், மயூமியின் ஞானத்தகப்பன் பொர்பிரியோவிடமும் மட்டும் சொன்னார். கட்டடத்தில் சிமென்ட் தூசி படிந்தால் கைபேசி செத்துவிடும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். மற்ற பெற்றோர் அனுப்பும் சந்தா வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது மயூமியின் வேலை.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் பணம் திரட்ட நான்கு கோழி விருந்து நடத்தினார்கள். ஞாயிறு காலையிலேயே பெண்கள் மிளகாய் விழுதில் ஊறிய கோழியைப் பொரித்து, உருளைக்கிழங்கோடு தட்டில் வைக்க, முன்கூட்டியே விற்ற சீட்டை நீட்டித் தெருவே வந்து தின்றது. சந்தாவோடு சேர்த்து நாலாயிரத்து நூற்றெண்பது சோல் பணம் சேர்ந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் போதும்.

ஆகஸ்ட் மாத வியாழக்கிழமை ஒன்றில் அன்செல்மோ வேலைக்கு விடுப்புப் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, பேருந்துக்காரரிடம் முன்பணம் கட்ட நகரத்துக்குப் போனார். அதற்காக மயூமியைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிப்போக முடியாது என்று, வீட்டிலேயே அவளை விரல் வைக்கச் சொல்லித் திறந்து, திரை அணையாமல் தட்டிக்கொண்டே போனார். அங்கே பணம் அனுப்ப அழுத்தியபோது, இருப்பு போதவில்லை என்று வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சோல்தான் மிச்சம்.

எவனோ கணினிக்காரன் திருடிவிட்டான் என்று நினைத்துப் பணப்பைக்காரர்களின் அலுவலகத்துக்கு ஓடினார். முகப்பிலிருந்த பெண் பட்டியலை எடுத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஏழு வாரம். முந்நூற்றுக்கும் மேல் வரிகள். மூன்று சோல், ஒன்பது சோல், பதினேழு சோல், எப்போதாவது ஐம்பது. எல்லாம் ஒரே வீடியோ விளையாட்டுக்கு.

"ஒவ்வொரு தடவையும் விரல் வெச்சுத் திறந்துதான் அனுப்பியிருக்கு. உங்க விரல்தானே, சார்?"

அன்செல்மோ தன் கட்டைவிரலைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். பிள்ளை செய்தால் பெற்றவர் செய்ததாகத்தான் கணக்கு, விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள், கடைசி இரண்டு நாளைக்கு உள்ளதை மட்டும் ஒருவேளை திருப்பித் தருவார்கள் என்றாள். கடைசி இரண்டு நாளில் போனது பன்னிரண்டு சோல்.

வீட்டில் மயூமி எதையும் மறைக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் சங்கடப்படுத்தியது. அந்த விளையாட்டில் எல்லோரும் இறக்கை, கவசம், ஒளிவிடும் சட்டை என்று போட்டிருக்க, இவள் மட்டும் இலவசமாகத் தரும் சாம்பல் உடுப்பில் திரிந்திருக்கிறாள். வகுப்பில் 'சிமென்ட்டு மூட்டை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு சட்டை வாங்கினாள். பிறகு பேர் வைத்தவர்களுக்கே பரிசாக வாங்கிக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கக் கூட்டாளிகள் பெருகினார்கள். ஒன்பது பேருக்கு வாங்கியிருக்கிறாள். "அதுல அவ்வளவு பெரிய தொகை இருந்துச்சுப்பா. மூணு சோல் எடுத்தா குறைஞ்ச மாதிரியே தெரியலை."

அன்செல்மோ அடிக்கவில்லை. அடிக்கிற கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நெலிதாதான் வெடித்தாள்: "உன் விரல் பதியலைன்னா வேற ஆளைப் பொருளாளரா போடுங்கன்னு சொல்லியிருக்கணும். பெத்த புள்ள விரலையா சாவியா வெப்பாங்க? பதினோரு வயசுய்யா அவளுக்கு."

சாயங்காலம் பொர்பிரியோ வந்தான். ஆற அமர யோசித்து, "கொள்ளை போச்சுன்னு சொல்லிரு மச்சான். இந்த மலையில மாசத்துக்கு நாலு பேர்கிட்ட புடுங்குறானுங்க. எவன் சந்தேகப்படுவான்? புள்ளைக்குத் திருடின்னு பேர் வாங்கிக் குடுக்கப் போறியா?" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சாய்த்தது. ஒதீலியாவைக் கைபேசியில் கூப்பிட்டு, நகரத்துக்குப் போகிற வழியில் கத்தியைக் காட்டிப் பணத்தை மாற்ற வைத்துவிட்டார்கள் என்றார். ஒரு வாக்கியத்தோடு முடியும் என்று நினைத்தார். ஒதீலியா விடவில்லை. எத்தனை பேர்? இரண்டு. எதில் வந்தார்கள்? மூன்று சக்கர வண்டி. என்ன நிறம்? அன்செல்மோ ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே தண்ணீர்த் தொட்டி நீலமாக நின்றது. நீலம் என்றார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டு சந்து தள்ளி சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தவரிடம் நெலிதா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "நீல வண்டின்னு சொன்னியே. ரோயரைப் பிடிச்சுக் கட்டிட்டாங்க."

ரோயருக்கு இருபது வயது. மலையடிவாரத்திலிருந்து மேலே சவாரி அடிக்கிறவன். அவனுடைய நீல மூன்று சக்கர வண்டி இன்னும் தவணையில் ஓடுகிறது. விளையாட்டு மைதானத்து விளக்குக் கம்பத்தில், திருடர்களுக்கு எச்சரிக்கையாகத் தொங்கவிட்டிருக்கும் வைக்கோல் பொம்மைக்கு நேர் கீழே அவனைக் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. முதுகு முழுக்கக் காஞ்சொறிச் செடியால் அடித்த தடிப்பு. உதடு கிழிந்திருந்தது. அவன் வண்டியின் முன்கண்ணாடி மண்ணில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. நாற்பது ஐம்பது பேர். பாதிப் பேர் சுற்றுலாவுக்குச் சந்தா கட்டியவர்கள். எவனோ ஒருவன் பெட்ரோல் கொண்டுவரப் போயிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்செல்மோவைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. ஒதீலியா அவர் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுபோனார். "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மேஸ்திரி. இவன்தானே?"

"இவன் இல்லை."

"பயப்படாதீங்க. இவன் ஆளுங்க வந்தா நாங்க பார்த்துக்கறோம்."

"சத்தியமா இவன் இல்லைம்மா."

"பாருங்க, மனுஷன் எப்படி நடுங்குறாருன்னு. என்னடா சொல்லி மிரட்டினே இவரை?" என்று ஒருவர் ரோயரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அவன்தான் என்று அவர்களுக்கு உறுதிப்பட்டுக்கொண்டே போனது. மலையில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பே இப்போது அந்தப் பையனின் கழுத்தை நெரித்தது.

அன்செல்மோ கம்பத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார். கலவை காய்ந்த கையை மேலே தூக்கினார்.

"யாருமே இல்லை. வண்டியும் இல்லை, கத்தியும் இல்லை. நான் பொய் சொன்னேன். பணத்தை என் மக விளையாட்டுல செலவு பண்ணிட்டா. என் விரல் பதியலைன்னு அவ விரலைப் பதிஞ்சு வெச்சதும் நான்தான், கைபேசியை அவகிட்டக் குடுத்துட்டுப் போனதும் நான்தான். அவளை ஒண்ணும் கேக்காதீங்க. எங்கிட்டக் கேளுங்க."

ஒருத்தி, அந்த மகளை இங்கே இழுத்து வாருங்கள் என்றாள். நெலிதா சால்வை முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னைத் தாண்டிப் போய் இழுத்துட்டு வா" என்றாள். எவரும் நகரவில்லை. ஒதீலியா தானே குனிந்து ரோயரின் கட்டை அவிழ்த்தார்.

ரோயர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அன்செல்மோவைப் பார்த்தான். "இதைச் சொல்ல இவ்வளவு நேரமாச்சா மாமா?" என்றான். அவ்வளவுதான். கண்ணாடி இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அன்செல்மோ உட்காரவில்லை. மணல்மேட்டுக்குப் பதில் பக்கத்து ஆற்றங்கரைக்கு ஒரு நாள் பயணம் என்று ஆனது. போன பணத்துக்கு ஈடாக, கேட்கிற வீட்டுக்கு ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வேலை செய்து தருவதாக எழுதிக் கொடுத்தார். தளம் போட வேண்டிய வீடுகள் பல இருந்ததால் அதை ஒத்துக்கொண்டார்கள். மைதானத்தில் நடந்ததைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயே திறக்கவில்லை. அது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாத மாதிரி இருந்தார்கள். நடுவில் ஒரு தாய், "எங்க வீட்டுப் பிள்ளைங்க இப்படி வளரலை" என்றாள். அவள் மகன் மயூமி வாங்கிக் கொடுத்த தங்க இறக்கையோடுதான் ஒரு மாதமாக அந்த விளையாட்டில் பறந்துகொண்டிருக்கிறான். நெலிதா வாயைத் திறந்தாள். அன்செல்மோ அவள் முழங்கையைத் தொட்டார். அவள் மூடிக்கொண்டாள், ஆனால் அந்த வாரம் முழுக்க அவரிடம் சரியாகப் பேசவில்லை.

மயூமி பயணத்துக்கு வரலாமா என்று கைதூக்கினார்கள். பன்னிரண்டு பேர் வரலாம் என்றார்கள், எட்டுப் பேர் கூடாது என்றார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் மயூமி, நான் போகவில்லை என்று அழுதாள். "போகணும்" என்றார் அன்செல்மோ. "எல்லார் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டுப் போயிட்டு வரணும்." அதைச் சொல்லும்போது ரோயர் விஷயத்தில் ஒன்று பாக்கி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பிய மயூமியை மேல்தெருவுக்குக் கூட்டிப்போனார். ரோயர் வாசலில் வண்டிக்குப் புதுக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தான். அவன் அம்மா இவர்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்செல்மோ மகளின் முதுகில் லேசாகத் தட்டினார். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒப்பித்தாள்: "நான் பண்ணின தப்பால உங்களுக்கு அடி விழுந்துச்சு. மன்னிச்சிருங்கண்ணா."

ரோயர் திருப்புளியைக் கீழே வைத்தான். "நீ என்னைச் சொல்லலியே பாப்பா. நீ விளையாட்டுல சட்டை வாங்கினே. நீல வண்டின்னு சொன்னது யாரு?"

மயூமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்செல்மோ தொப்பியைக் கழற்றினார். மகள் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்து வரவில்லை. மகளைத்தான் மன்னிப்புக் கேட்கக் கூட்டி வந்திருந்தார். "நான்தான் தம்பி" என்றார். "உன் வண்டி ஞாபகத்துலகூட இல்லை. வாயில வந்த நிறத்தைச் சொன்னேன். செத்துப் போயிருப்பே."

"ஆமா, செத்துத்தான் போயிருப்பேன்" என்றான் ரோயர். கண்ணாடிக்கு ஆன காசை அன்செல்மோ நீட்டினார். அதை எண்ணாமல் வாங்கிக்கொண்டான். வண்டியைக் கிளப்பியவன், இவர்களும் கீழேதான் போக வேண்டும் என்று தெரிந்தும், காலி இருக்கையோடு இறங்கிப் போனான்.

நடந்தே போனார்கள். பள்ளிக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். தாமதமாக வருகிற பிள்ளையின் பெற்றோர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று காவல்காரர் நோட்டை நீட்டினார். மேல் வரிகளில் காய்ச்சல், பேருந்து, தண்ணீர் லாரி என்று இருந்தது. அன்செல்மோ எழுத்துக் கூட்டி எழுதுகிறவர். பேனாவை வெகுநேரம் காகிதத்துக்கு மேலேயே வைத்திருந்தார். மயூமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'அப்பாவால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனார்.