வால்நட் பிடியும் ரப்பர் பிடியும்

லவோன் குசேராவுக்கு அந்த வாரம் முழுக்கத் தொண்டையில் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை நடந்த சுடும் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தாறு. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் கோர்ட் வாசலில் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துவரும் காவல் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவள்தான். ஆனால் அந்த வேலையோடு வரும் காப்பீட்டில்தான் கணவன் எமிலின் இதயத்துக்கு மருந்து வந்துகொண்டிருந்தது.

குறி பார்ப்பதில் அவளுக்குக் குறையில்லை. குறை கையில். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோய், ரிவால்வர் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. இருபது குண்டு தாண்டினால், உதைக்கும் முன்னாலேயே கை பயந்து சுருங்கும். குண்டு கீழே இறங்கிவிடும்.

அந்த ரிவால்வரின் பிடி அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த மூலையில் பேர் பெற்றது. பதினொரு வருஷத்துக்கு முன் கல்யாண நாளுக்காக எமில் வால்நட் மரத்தில் செதுக்கியது. வழக்காட வந்த வக்கீல்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அழகுக்கு அழகுதான், ஆனால் பருமன். லவோனின் விரல் நுனி மட்டுமே விசையைத் தொட்டது. முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஆனாலும் எமிலின் முகத்தைப் பார்த்து, "கச்சிதமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பொய்யைப் பதினொரு வருஷமாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கடைக்கார விர்ஜில் அவளோடு பள்ளியில் படித்தவன், வாய் நீளம்.

"அழகா வேணுமா, வலிக்காம வேணுமா? ரெண்டும் சேர்ந்து வர்றது புருஷன்லயும் கிடையாது, பிடியிலயும் கிடையாது."

"உன் பொண்டாட்டிக்கு ரெண்டுமே கிடைக்கலையேப்பா. வலிக்காதது எது, அதை எடு."

மான்கொம்பு மாதிரி வார்த்த ஒன்றைக் காட்டினான். வழுக்கியது. விரல்களுக்குப் பள்ளம் வெட்டிய இன்னொன்று. பள்ளம் யாரோ தடியனின் விரலுக்கு ஏற்றது. மூன்றாவது குட்டையான கறுப்பு ரப்பர். மொழுக்கென்று, தேய்ந்த செருப்புக் குதிகால் போல இருந்தது. பிடித்ததும் விரலின் சதை விசைமேல் தானாக உட்கார்ந்தது. லவோனுக்கு அழுகை வந்தது.

"எமில்கிட்ட மூச்சு விட்டே, கொன்னுடுவேன்."

"நாற்பது வாங்காதவளா? உன்கிட்ட எனக்கென்னடி பயம்."

வியாழக்கிழமை சுடுதளத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ஆறு குண்டுகளையும் வெளியே எடுத்துவைத்தாள். சமையலறை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த ஸ்க்ரூடிரைவரால் மரப் பிடியைக் கழற்றினாள். அதன் முனை திருகாணியின் பள்ளத்துக்குப் பொருந்தவில்லை. நழுவியது. பள்ளத்தின் ஓரம் சிதைந்து, வால்நட்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

ரப்பர் பிடியைப் பூட்டிச் சுட்டு, நாற்பத்து மூன்று வாங்கினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் ஓட்டமும் நடையுமாகக் காருக்கு வந்து, மரப் பிடியைத் திரும்பப் பூட்டினாள். தேர்வு முடிந்த அன்று துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது எமிலின் வேலை. எந்த வருஷமும் அதைத் தவறவிட்டதில்லை.

அன்றும் சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்துவைத்திருந்தான். பக்கத்தில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி. குண்டு இல்லைதானா என்று உருளையைத் திறந்து பார்த்தான். மூடினான். அப்புறம் அவன் கட்டைவிரல் அந்தச் சிதைந்த திருகாணியின் மேல் நின்றது.

"பாஸா?"

"நாற்பத்து மூணு."

"இதை வச்சா?"

அவள் கைப்பையிலிருந்து ரப்பர் பிடியை எடுத்து ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எமில் எழுந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போனான். கோபித்துக்கொண்டான் போல, அந்த இதயம் என்ன ஆகுமோ என்று அவள் பதறினாள். திரும்பி வந்தவன் கையில் தட்டை முனை ஸ்க்ரூடிரைவரும், பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனி போட அவள் போட்டுக்கொள்ளும் கம்பளி வைத்த தோல் கையுறையும் இருந்தன.

"உனக்குத் தெரியாம செய்யணும்னு இந்தக் கையுறையை வச்சுத்தான் உன் கை அளவை எடுத்தேன்" என்றான். "கம்பளி எவ்வளவு தடிமன்னு மரமண்டைக்கு உறைக்கல. நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு உன் முகம் அப்படி இருந்துச்சு எமில்."

"பதினோரு வருஷமும் அப்படியேவா இருந்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எமில் நிதானமாக மரப் பிடியைக் கழற்றி, ரப்பரைப் பூட்டினான்.

"அசிங்கமா இருக்கு."

"ஆமா."

"கையைக் குடு."

காலித் துப்பாக்கியை அவள் உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரல் எங்கே வந்து நிற்கிறது என்று குனிந்து பார்த்தான். பிறகு வீங்கிய அடிமூட்டை மெல்லத் தொட்டான்.

"அன்னைக்கே இந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்திருக்கணும்" என்றான்.