சபா இழுத்த துப்பாக்கி

தேரடி வீதியில் பொம்மைக்கடை வைத்திருக்கும் நசீர் அகமது, சோதித்துப் பார்க்காத சரக்கை அடுக்கில் ஏற்றமாட்டார். ரிமோட் கார் என்றால் கடை வாசல்வரை ஓட்டிப் பார்ப்பார். பம்பரம் என்றால் கண்ணாடிமேல் விட்டுப் பார்ப்பார். நுரைக் குண்டு பாயும் மலிவுத் துப்பாக்கிகளுக்கு, கடைக்காரர்கள் ‘சாஃப்ட் புல்லட் கன்’ என்று சொல்வார்களே, அவற்றுக்குத் தனிச் சோதனை வைத்திருந்தார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கல்லாப் பலகையை ஒட்டி நின்று, பின்னாலிருக்கும் வளையத்தை இழுத்து ஐந்து குண்டுகள் சுடுவார். குண்டு எத்தனையாவது டைல்ஸில் விழுகிறது என்று எண்ணுவார். பன்னிரண்டைத் தாண்டினால் நல்ல சரக்கு. ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

சோதித்த துப்பாக்கி, வருகிறவர்கள் இழுத்துப் பார்ப்பதற்காகப் பலகைமேலேயே கிடக்கும். அதற்குச் சாம்பிள் பீஸ் என்று பெயர். கிரிவலக் கூட்டத்தில் நூறு பிள்ளைகள் இழுத்தபின் அது தொய்ந்துவிடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வைப்பது அவர் வழக்கம்.

இப்படிப்பட்ட மனிதர்தான் தம் மகள் விஷயத்தில் தவறினார்.

சபாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கை முறிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மடங்க மறுத்தன. பென்சிலைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பொத்தானைத் தாயார் குர்ஷித் பேகம்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

“நரம்பு அடிபட்டிருக்கு. மூணு மாசம் பொறுத்துப் பார்க்கலாம். தானாத் திரும்பலைன்னா திறந்துதான் பார்க்கணும். அதுக்குமேல தள்ளிப்போட்டா விரல் அப்படியே நின்னுபோக வாய்ப்பு ஜாஸ்தி” என்று சொன்ன மருத்துவர், அறுவைக்கான தேதியையும் அன்றே குறித்துக் கொடுத்தார்.

செங்கம் சாலையில் பிசியோதெரபி பார்க்கும் சினேகா, தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். சபா எதையும் செய்யவில்லை. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அழுதாள். மாவு பிசையச் சொன்னால் ஓடினாள்.

“அவளுக்குப் பிடிச்சதா ஏதாவது குடுங்க பாய். விரல் கொக்கி மாதிரி மடங்கி இழுக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல உக்காந்து விரல் நுனியைப் பாருங்க” என்றார் சினேகா.

விரலை மாட்டி இழுக்கும் வளையம் என்றதும் நசீருக்குத் தம் கடைச் சரக்குதான் நினைவுக்கு வந்தது. ஒரு பெட்டியிலிருந்த பன்னிரண்டு துப்பாக்கிகளையும் இழுத்துப் பார்த்து, இருப்பதிலேயே இலகுவானதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

முதல் நாள் வளையம் அசையவேயில்லை. ஆனால் சபா அழவில்லை. அதுவே பெரிய செய்தி. அவள் சோர்ந்துவிடக் கூடாதென்று அண்ணன் தல்ஹா இழுத்துக் கொடுத்தான், அவள் சுட்டாள். முக்காலிமேல் வைத்த பிளாஸ்டிக் டம்ளர் கவிழும்போதெல்லாம் வீடே கை தட்டியது. காலையில் எழுந்ததும் சுட வேண்டுமென்று, படுக்கப்போகுமுன் இழுத்து மாட்டியே வைத்தார்கள். நசீர் நாட்குறிப்பில் எழுதிவந்தார். ஒன்பதாம் நாள், வளையம் பாதி வந்தது. பதினாறாம் நாள், ஒருமுறை முழுதாக. இருபத்து நான்காம் நாள், இடைவிடாமல் பதினொரு முறை.

அன்று குர்ஷித் பேகம் ஷுக்ரானா என்னும் நன்றித் தொழுகை தொழுதார், நேரில் காட்டிவிட்டு முடிவு பண்ணலாம் என்றும் சொன்னார். நசீரோ உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினார்.

“விரல் நுனி மடங்குதா சார்? நேர்ல ஒருதடவை காட்டிடுங்களேன்” என்றார் எதிர்முனையில் பேசிய பெண்.

“மடங்காம எப்படிம்மா இழுப்பா? பதினொரு தபா இழுத்தாம்மா. ஆபரேஷன் வேணாம். அடுத்த மாசம் வந்து காட்டறோம்.”

அறுவைக்குக் குறித்த தேதி கடந்து பன்னிரண்டு நாட்கள் ஆன ஒரு திங்கட்கிழமை, கீழ்பென்னாத்தூரிலிருந்து சக்கரவர்த்தி வந்தார். நசீரிடம் சரக்கு எடுத்து, பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் பாய் விரித்துப் பொம்மை விற்பவர். ஒரு துப்பாக்கியைப் பலகைமேல் போட்டார்.

“பாய், உங்க கன்னு சுடல பாய். துப்புது.”

“வாய்யா, வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? எத்தினி தபா இழுத்தே இதை?”

“நான் எங்க இழுத்தேன்? சாம்பிளுக்குன்னு வெச்சேன், வர்ற போற புள்ளைங்கல்லாம் இழுத்துச்சு. மொதல்ல நானே பல்லைக் கடிச்சிக்கினு இழுத்தேன். இப்ப மூணு வயசுக் கொழந்தை சுண்டுவெரல்ல இழுத்துட்டுப் போவுது. அத்தோட அப்பன் என்னமோ புள்ளை பயில்வான் ஆயிட்டான்னு மீசையை முறுக்கறான்!”

நசீர் வாய்விட்டுச் சிரித்தார். “உனக்கு எத்தினி தபா சொல்லியிருக்கேன்? சாம்பிள் பீஸை மாசம் ஒரு தபா மாத்திடணும்யா. இழுக்க இழுக்க ஸ்பிரிங்...”

அவர் அந்தத் துப்பாக்கியை எடுத்து ஒரு விரலால் வளையத்தை இழுத்தார், அது தடையின்றி வந்தது.

“இன்னா பாய்? இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?”

வீட்டு முக்காலி நசீரின் கண்முன் வந்தது. முதலில் அது சுவரை ஒட்டி இருந்தது. பிறகு ஊஞ்சல் கொக்கிக்குக் கீழே வந்தது. போன வாரம் சபாவின் காலடிக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றது. குழந்தைக்கு வசதியாகத் தல்ஹா நகர்த்தியிருக்கிறான் என்று எண்ணியிருந்தார். குண்டு எத்தனையாவது டைல்ஸில் விழுகிறது என்று வீட்டில் அவர் ஒருநாளும் எண்ணவில்லை.

சக்கரவர்த்தியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புதிய துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சபாவின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு நான்காவது டைல்ஸில் விழுந்தது. புதியதைச் சுட்டார். கூடத்தைக் கடந்து சமையலறைக் கதவில் போய் அடித்தது.

“ஏங்க, கடையை விட்டுட்டு வந்து என்ன விளையாட்டு இது?” என்று குர்ஷித் பேகம் ஈரக்கையோடு வந்தார்.

“சபா, இதை இழும்மா” என்று புதியதை நீட்டினார் நசீர்.

சபா ஆசையாகத்தான் வாங்கினாள். விரலை மாட்டி இழுத்தாள். வளையம் நகக்கண் அளவு நகர்ந்து திரும்பிப் போயிற்று. மறுபடி இழுத்தாள். முகம் சிவந்தது.

“இது கெட்டுப்போன கன்னுப்பா. என் கன்னைக் குடு. நான் பதினொண்ணு இழுப்பேன்.”

“இன்னொரு தபா இழு. மெதுவா.”

இந்த முறை அவர் தரையில் மண்டியிட்டு, அவள் கைக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனி குச்சியைப்போல நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நடுவிரல் நுழைந்து வளையத்தைப் பற்றியிருந்தது. இழுத்தது நடுவிரல், ஆள்காட்டி விரல் மேலே சும்மா படுத்திருந்தது.

“இந்த விரலை எப்போலருந்து உள்ள விடறே?”

“மொதல்லருந்தே. அப்பதான் வருது.” அவர் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. “தப்பாப்பா?”

“இல்லடா. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல.”

ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் அவளருகில் உட்கார்ந்தவர் அவர். குண்டு பறப்பதைப் பார்த்தார். டம்ளர் கவிழ்வதைப் பார்த்தார். பார்க்கச் சொன்ன விரல் நுனியை ஒருமுறையும் பார்க்கவில்லை.

குர்ஷித் பேகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சபாவின் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

“நேர்ல காட்டிட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னேனா இல்லையா? ஊருக்கெல்லாம் சோதிச்சுப் பார்த்து விக்கிற மனுசன், பெத்த பொண்ணு கையைச் சோதிக்கலையே!”

நசீர் தொலைபேசியை எடுத்து வேலூருக்குப் பேசினார். அதே பெண் எடுத்தார்.

“அம்மா, நான் போன மாசம் தப்பாச் சொல்லிட்டேன். விரல் மடங்கல. பொம்மைதான் லூஸாயிருக்கு. ஆபரேஷனுக்கு இன்னொரு தேதி குடுங்கம்மா.”

“எந்தப் பொம்மை சார்?”

அவர் முழுவதையும் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுக்குக் குடுத்த தேதியில வேற குழந்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு சார். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள வந்துடுங்க. டாக்டர் பார்க்கட்டும். அடுத்த தேதி எப்போ கிடைக்கும்னு இப்போ என்னால சொல்ல முடியாது.”

“நாள் தாண்டிடுச்சேம்மா. விரல் நின்னுபோயிடுமா?”

“டாக்டர்தான் சார் சொல்லணும். வந்துடுங்க.”

மறுநாள் விடிகாலை வேலூர்ப் பேருந்தில் மூவரும் ஏறினார்கள். நசீரின் பையில் பழைய ஸ்கேன் தாள்களும், நாட்குறிப்பும், தொய்ந்துபோன துப்பாக்கியும் இருந்தன. மருத்துவர் கேட்டால் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். புதியதைச் சபா மடியில் வைத்திருந்தாள்.

“டாக்டர் திட்டுவாராப்பா?”

“உன்னைத் திட்டமாட்டார்.”

“உன்னைத் திட்டுவாரா?”

“திட்டட்டும்.”

ஊரைத் தாண்டியதும் அவள் நடுவிரலை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் வளையத்தில் மாட்டினாள். யாரும் சொல்லாமலே அப்படிச் செய்தாள். நசீர் குனிந்து பார்த்தார். நுனி அசைந்ததுபோல் இருந்தது. பேருந்து குலுங்கியது. மீண்டும் அசைந்ததுபோல் இருந்தது. மனைவியின் தோளைத் தொட்டு, பாரு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். குர்ஷித் பேகம் கைக்கு மிக அருகில் குனிந்தார். விரல் அசைந்ததா, வண்டி குலுங்கியதா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் ஆடிக்கொண்டே போயிற்று.

போளூர் நிலையத்தில் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கினார். பேருந்து அசையாமல் நின்றது.

“இப்போ இழும்மா” என்றார் நசீர்.

சபா மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். இருவரும் விரல் நுனியையே பார்த்தார்கள். அது நேராகவே நின்றது.

“இன்னொரு தபா” என்றார்.

அவள் இழுத்தாள். ஓட்டுநர் திரும்பி வரும்வரை இழுத்துக்கொண்டிருந்தாள்.