கிடாய் சம்மதித்த இங்கிலீசுப் பள்ளிக்கூடம்

இந்த ஊரில் எல்லாரும் சாமி. கோயிலில் இருப்பவர் சாமி, கும்பிடப் போகிறவர் சாமி, மூக்கொழுக நிற்கிற குழந்தையும் சாமி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமமான இங்கே வந்த புதிதில், "சாமி, தள்ளி நில்லுங்க, மாடு வருது" என்று யாரோ சொல்ல, நான் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாடு இடித்துவிட்டுப் போயிற்று.

ஏன் இங்கே வந்தேன் என்று யாழ்ப்பாணத்து உறவினர் பலர் கேட்கிறீர்கள். என் மகள் காய்ச்சலில் கிடந்து வைத்தியரும் கைவிட்டபோது, திருச்செங்கோட்டு மலைமேல் பாதி அம்மையாய் நிற்கும் ஈசனை நினைத்து, "பிள்ளை எழும்பினால் உன் மலைக்குப் பக்கத்தில் ஒரு வருடம் கூலியில்லாமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பேன்" என்று நேர்ந்தேன். எழும்பினாள், கலியாணமும் முடித்தாள். என்னிடம் கொடுக்க இருந்ததோ எட்டாம் வகுப்பு இங்கிலீசு மட்டும். ஒடியற்கூழ் குடித்த வாயோடு நானும் மனைவியும் கம்பஞ்சோற்றுக்கு வந்து சேர்ந்தோம்.

ஊர் இடம் கொடுக்கவில்லை. "இங்கிலீசு படிச்சா பசங்க மேட்டூருல அணை கட்டற தொரைங்ககிட்ட ஓடிருவானுங்க. காட்டை ஆரு உழுவறது?" என்றார் ஊர்ப் பெரியவர் நல்லப்பக் கவுண்டர். "கருப்பணசாமியையே கேட்டுப்போடலாமுங்க."

இங்கே சாமி பதில் சொல்வது கிடாய் மூலமாக. மாலை போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால், இவர்கள் பேச்சில் 'துலுக்கினால்', சம்மதம். உதறாவிட்டால் அன்றைக்கே நாங்கள் மூட்டை கட்ட வேண்டும்; என் நேர்த்தியும் பாழ்.

"வாத்தியாருக்கு ஒரு ஆட்டிட்டையோ சோதினை?" என்று மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடம் குடமாய் ஊற்றினார்கள். கிடாய் மாலையைத் தின்று முடித்து என்னையே பார்த்தது. என் சட்டைதான் நனைந்தது.

மகளைப் படிக்க வைக்க ஆசைப்பட்ட பாவாயி முன்னால் வந்தாள். "ஏனுங்க, இங்கிலீசுன்னா என்னன்னே தெரியாம சாமி எதுக்குங்க துலுக்கும்? வாத்தியார் கொஞ்சம் சொல்லிக் காட்டட்டுமே!"

கைகூப்பினேன். தெய்வத்தின் முன் நின்று பாட எனக்குத் தெரிந்தது தேவாரப் பண் ஒன்றுதான். அந்தப் பண்ணிலேயே "ஏ... பி... சி..." என்று உருகினேன். 'எம்' வந்தபோது கிடாயும் கூடவே கத்தியது. 'இசட்'டை இழுத்து முடித்தேன். மூக்கு முதல் வால் வரை உதறியதே ஓர் உதறல்! கவுண்டரின் தலைப்பாகை சொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஈசனே என்று அழுதுவிட்டேன்.

அதற்குள் ஒருவர் அரிவாளோடு வந்தார். உத்தரவு கொடுத்த கிடாயை வெட்டிப் பொங்கல் வைப்பதுதான் முறையாம்.

"ஐயா, அது என் முதல் மாணாக்கன். பாடம் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையை வெட்டலாமா?" என்று குறுக்கே விழுந்தேன்.

கவுண்டர் தலைப்பாகையைப் பிழிந்தபடி சிரித்தார். "செரி, படிக்கட்டுமுங்க. நீங்க ஊருக்குப் போற அன்னிக்கு வெட்டிக்கறோம்."

வருடம் முடிந்துவிட்டது. பாவாயியின் மகள் கன்றுக்குட்டிக்கு இங்கிலீசில் அதட்டல் போடுகிறாள். அங்கே என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்களை எதிர்பார்த்திருக்கிறாள். ஆசையோடு பெட்டியை இறக்கினால் கவுண்டர், "கெளம்பிட்டீங்களா சாமி?" என்று அன்பாய்க் கேட்டுவிட்டுக் கிடாயின் முதுகைத் தடவிப் பார்க்கிறார், நான் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுகிறேன்.

"கிடாயையும் கப்பலிலை ஏத்துவமோ?" என்கிறாள் மனைவி. முன்பு சிரித்துக்கொண்டு கேட்டாள், இப்போது சிரிக்காமல் கேட்கிறாள். சாயங்காலம் பிள்ளைகள் போனபின், கடல் இருக்கும் திசையைப் பார்த்து வாசலில் நிற்கிறேன். கிடாயின் கயிறு என் கையில் இருக்கிறது. அது எதிர்ப்பக்கமாய், பள்ளிக்கூடத்தை நோக்கி என்னை இழுக்கிறது.