மூட்டையில் போன முகம்

போன மாதம் ஏரலில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்து இலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர் வரிசையில் நாலைந்து இளவட்டங்கள் என்னையே பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சட்டையில் ஏதாவது சிந்திவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஒருவன் எழுந்தே வந்துவிட்டான்.

“அண்ணாச்சி, நீங்கதான அந்த மழைத்தண்ணி அண்ணாச்சி?”

“ஆமாலே, நான்தான். அதுக்கு என்ன?”

“ஒரு செல்பி எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி!”

எடுத்துக்கொண்டான். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் எனக்கு கயிறு, தார்ப்பாய் வியாபாரம். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன், சொந்தக் கையால் எழுப்பிய கடை. ஊரே மூழ்கிய அந்தப் பெருமழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நான் கல்லாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. தண்ணீரிலேயே நின்று ஒரு கிளாஸ் டீ குடித்தேன். கேமராவோடு வந்த ஒருவர், “என்ன அண்ணாச்சி, இப்படி ஆயிருச்சே?” என்றார். “தண்ணி வரும், போகும். கடை நிக்கும்” என்றேன். அவ்வளவுதான். டீ கிளாஸும் என் முகமும் அந்த வார்த்தையும் கயத்தாறு தாண்டி, மதுரை தாண்டி, துபாய் வரைக்கும் போய்விட்டன. பரீட்சையில் பெயிலானவன் என் படத்தைப் போடுகிறான். கிரிக்கெட்டில் தோற்றவன் போடுகிறான். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவனும் போடுகிறான்.

“இதுக்குப் பேரு மீம் தாத்தா” என்றாள் பேத்தி முத்துச்செல்வி. அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் இதையே வேலையாகச் செய்கிறவள். மீம் போடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் பாருங்கள். அந்தப் பேரை வைத்தவர் உயிரியல் படித்த ஒரு வெள்ளைக்காரராம். ஒரு பாட்டோ பேச்சோ ஒரு மண்டையிலிருந்து இன்னொரு மண்டைக்குத் தாவித் தாவிப் பெருகுகிறதல்லவா, அதற்கு வைத்த பேராம். அப்போது இன்டர்நெட்டே இல்லையாம். பிறகு கம்ப்யூட்டர் வந்து, படத்துக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று ஆரம்பித்து, நம்ம ஊரில் சினிமாக் காமெடியன் முகங்களில் ஏறி, இப்போது கட்சிச் சண்டை, சாதிச் சண்டை வரைக்கும் வந்து நிற்கிறதாம். “சிரிக்க வைக்கதுக்கு வந்தது தாத்தா. இப்ப அடிச்சுக்கிடதுக்கும் அதான்” என்றாள்.

நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னேன்: “ஏளா, இதை நான் அந்தக் காலத்துலயே பண்ணியாச்சு.”

அவள் சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்தக் கல்யாண வீட்டில் கை கழுவப் போகிறேன், சமையல்கட்டின் ஓரமாக ஒரு பழைய சணல் சாக்கு. இப்போதெல்லாம் எல்லாம் பிளாஸ்டிக் பை. சணல் சாக்கு கண்ணில் படுவதே அபூர்வம். தண்ணீர் பட்டு ஊறிக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய துறைமுகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஈரச் சாக்கு, வெங்காயம், கறுப்பு மை, அதற்குள் கலந்து ஒரு சுருட்டுப் புகை.

சுருட்டு மிக்கேல் தண்டலுடையது. தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். அந்த நாளில் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் பாய்மரத் தோணியில்தான் போகும். மிக்கேல் தண்டலுக்குச் சொந்த ஊர் ஆலந்தலை. ஆள் நல்ல உயரம், காது வரைக்கும் மீசை, வாயில் எப்போதும் அணைந்துபோன சுருட்டு. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “காத்து வரும்லே.” தோணி ஏன் கிளம்பவில்லை என்றால் அது. சம்பளம் ஏன் வரவில்லை என்றால் அது. மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லையா என்று கேட்டவருக்கும் அதையே சொன்னார்.

நான் அப்போது ஒரு வெங்காய முதலாளியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மார்க்கு அடிக்கிற வேலையில் இருந்தேன். தகரத்தில் எழுத்தை வெட்டியெடுத்துவிட்டு, அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தேய்த்தால் முதலாளியின் மார்க்கு விழும். தகடு வெட்டுவதில் எனக்கு நிகர் அந்தக் கடற்கரையில் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தடுமாறுவேனே தவிர, வெட்டச் சொன்னால் எழுத்து என் கைக்குக் கட்டுப்படும். ஒருநாள் வேலை இல்லாத மத்தியானம், கழித்துப்போட்ட தகரத்தில் தண்டலின் முகத்தை வெட்டினேன். மீசை, சுருட்டு, கீழே “காத்து வரும்லே.” ஒரு மூட்டையில் அடித்து, தோணியில் ஏற்றிவிட்டேன்.

காலிச் சாக்குகள் கொழும்பிலிருந்து திரும்பி வரும். வந்தபோது, என் தண்டல் முகத்துக்குப் பக்கத்தில் அங்கே உள்ள சுமைகாரர்கள் கரியால் எழுதியிருந்தார்கள்: “காத்து வந்தாச்சு, தண்டல் எங்க?” துறைமுகமே சிரித்தது. அடுத்த தோணியில் நான் தண்டல் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி ஒன்று வெட்டி அனுப்பினேன். அங்கிருந்து குடை பிடித்த தண்டல் வந்தார். இங்கே டீக்கடைச் சுவரில் ஏறினார், மாட்டுவண்டியின் பின்பலகையில் ஏறினார். ஐஸ் கம்பெனி வாசலில் “ஐஸ் இருக்கா?” என்று கேட்டால், உள்ளேயிருந்து “காத்து வரும்லே” என்று குரல் வந்தது. கடல் தாண்டிப் போய், வேறு கையில் மாறி, திரும்பி வந்து சிரிக்க வைத்தது. செல்போனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதுக்கு என்ன பேர் என்று நீங்களே சொல்லுங்கள்.

தண்டலுக்கும் தெரியும். தன் முகத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, “மீசையக் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கலாம்லா” என்று மட்டும் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

பிறகு ஒரு தடவை நடுக்கடலில் கடும் காற்று. தோணி கவிழாமல் இருக்க, தண்டல் கொஞ்சம் மூட்டைகளைக் கடலில் தள்ளினார். எல்லாத் தண்டலும் செய்வதுதான். ஆனால் அந்த வாரமே என் தகட்டைப் பார்த்து வேறு எவனோ வெட்டிய ஒரு முகம் கிட்டங்கிச் சுவர்களில் முளைத்தது. கீழே வேறு வரி: “காத்து வரும், மூட்டை போகும்.”

புரிகிறதா? காற்றைச் சாக்காக வைத்து மூட்டையை வழியிலேயே விற்றுவிட்டார் என்று அர்த்தம். ஒரு தண்டலுக்கு அதைவிடப் பெரிய அவச்சொல் கிடையாது. சிரித்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் சரக்கு ஏற்றுகிறவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே வேறு தோணிக்குப் போனார்கள். என் முதலாளியும் நிறுத்திவிட்டார். தண்டலின் தோணி வெறும் வயிற்றோடு கரையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் தண்டல் நேரே கிட்டங்கிக்குள் வந்தார். என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நகக்கண்ணில் இருந்த கறுப்பு மையைப் பார்த்தார்.

“எவன் கைலே அது?”

“மொகம் என் கை, தண்டல். அந்த வரி என் கை இல்ல. மாதா மேல ஆணையா இல்ல.”

“ஏலே, ஒனக்கு ஏதுலே மாதா?”

“உங்க மாதா மேல ஆணை.”

சுருட்டு ஆடியது. சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: “மொகத்த நீ குடுக்கப் போயித்தான அவன் வரியப் போட்டான்?”

 

“தகட்ட ஒடைச்சுப் போட்டுருதேன்” என்றேன்.

“ஒடைச்சா? சொவத்துல கெடக்குத ஒடைப்பியா? கொளும்புல கெடக்குத?”

மணிக்கட்டை விடவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. சரக்கு இறக்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற தண்டல்கள் வாங்குகிறவரின் ஆளோடு சேர்ந்து நின்று மூட்டையை எண்ணுவார்கள். இவர் எண்ண மாட்டார். முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, “எண்ணிக்கோ” என்பார். நீ சொல்வதுதான் கணக்கு என்று அர்த்தம். அப்படி நிற்க ஒரு நெஞ்சு வேண்டும்.

“தண்டல், அவன் வரிய அழிக்க முடியாது. ஒங்க வரியப் போடுவோம்” என்றேன்.

அன்றைக்கே புதுத் தகடு வெட்டினேன். அதே முகம். மீசையைக் கூட்டி வைத்தேன். கீழே ஒரே சொல்: “எண்ணிக்கோ.” முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ஏலே, என் மார்க்கு பக்கத்துல இந்தாளு மூஞ்சியா? புத்தி கெட்டுப் போச்சா?”

“ஒரு மூட்டை கொறஞ்சாலும் நான் இந்தக் கடற்கரையில நிக்க மாட்டேன் மொதலாளி. தகடு பிடிச்ச கையால பிச்சை எடுப்பேன்.”

சின்னப் பயல் பேச்சுதான். ஆனால் முதலாளி தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏற்றச் சொன்னார். ஒரு மூட்டை விடாமல் எல்லாவற்றிலும் அந்த முகத்தை அடித்தேன். தோள்பட்டை வீங்கிவிட்டது. தோணி போனது. திரும்புகிற வரைக்கும் தினமும் கரைக்குப் போய்ப் பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்தேன் என்பதை இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.

தோணி வந்தது. தண்டல் காலிச் சாக்குக் கட்டை என் காலடியில் போட்டார். பிரித்தேன். மேல் சாக்கில், முகத்துக்குக் கீழே, “எண்ணிக்கோ” என்ற என் எழுத்துக்கு அடியில், கொழும்புக்காரன் கரியால் எழுதியிருந்தான்: “எண்ணியாச்சு.”

அதற்குப் பிறகு, முகம் போட்ட மூட்டைதான் வேண்டும் என்று கொழும்பில் கேட்டு வாங்கினார்கள். தண்டல் வீட்டு வாசலில் முதலாளிமார் நின்றார்கள். அதற்கு முழுக்க முழுக்கக் காரணம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கல்யாண வீட்டுக்கு வருகிறேன். அந்தச் செல்பி எடுத்த பையன் கடைசியில் ஒன்று கேட்டான். “அண்ணாச்சி, மழையில தார்ப்பாய மூணு மடங்கு வெலைக்கு வித்தீகளாமே?” அவன் செல்போனில் காட்டினான். அதே டீ கிளாஸ், அதே என் முகம். கீழே: “தண்ணி வரும், போகும். வெல மட்டும் ஏறும்.”

அந்த மழையில் என் கடைத் தார்ப்பாய் எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டுக் கூரையில் கிடந்தது என்று தெருவைக் கேட்டுப் பாருங்கள். விலை பேசியவன் ஒருவனைக் காட்டுங்கள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேத்திக்குப் போன் போட்டேன். “எவன் கைளா இது?”

“தேடிப் பாத்துட்டேன் தாத்தா. எங்கேருந்து கெளம்புச்சுன்னே தெரியல. ஆயிரம் பேரு மாத்தி மாத்திப் போட்டுருக்காங்க.”

“அப்ப என் வரியப் போடு. அதே மொகம். ‘கடைக்கு வந்து கேட்டுக்கோ’ன்னு எழுது.”

போட்டாள். கெட்டிக்காரி, அழகாகவே போட்டாள். அதுவும் ஊரெல்லாம் சுற்றியது. கைதட்டுகிற பொம்மையும் சிரிக்கிற பொம்மையும் குவிந்தன. என் முகம் அல்லவா, சுற்றாமல் இருக்குமா?

ஆனால் ஒருத்தனும் கடைக்கு வரவில்லை. நானும் தினமும் காலையில் கடையைத் திறந்து வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். முன்பின் தெரியாத ஆள் படி ஏறினால், கேட்கத்தான் வருகிறான் என்று நிமிர்கிறேன். அவன் கயிறு என்ன விலை என்கிறான்.

பாய்மரத் தோணி போனதில் எனக்கு வருத்தமில்லை. சணல் சாக்கும் தகடும் போனதிலும் இல்லை. அதைவிட நல்லதெல்லாம் வந்திருக்கிறது, விற்றுச் சம்பாதித்தும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் தண்டல் வந்து பிடிக்க என் மணிக்கட்டு இருந்தது. இன்றைக்கு நான் பிடிக்கப் போனால், அந்தப் பக்கம் மணிக்கட்டே இல்லை. கொழும்பிலிருந்து வந்த அந்த ஒற்றைச் சொல்லையும் இப்போது எழுதி அனுப்ப ஆளில்லை.

அதனால் என்ன? கடை திறந்துதான் இருக்கிறது. தண்டல் மாதிரி நானும் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறேன். எண்ணிக்கோ.