கால் தெரியாத படம்

பால்துரை அண்ணாச்சி படம் எடுக்கும் முன் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பிலிருந்து பி.ஏ. வரை அவருடைய ஸ்டுடியோவில் நான் எடுத்துக்கொண்ட எல்லாப் படங்களிலும் என் கால்கள் முழுதாக இருக்கின்றன. முகம் இரண்டில் சரியாக விழவில்லை.

காரணம் இருந்தது. தூத்துக்குடியில் அவர் கடை பிழைத்தது கல்யாணத் தரகர்கள் கொண்டுபோகும் படங்களால். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளையை முழங்கால்வரை மட்டும் எடுத்துவிட்டார். பையனுக்குக் காலில் ஏதோ கோளாறு என்று பெண் வீட்டார் முடிவு செய்து, சம்பந்தம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் யாருடைய காலையும் விட்டதில்லை. முகத்தை மட்டும் எடுப்பது, அவரைப் பொறுத்தவரை, செத்தவர்களுக்கு மாலை போடுவதற்கு.

1974இல் கல்லூரிகளுக்கிடையே மாணவர் படப் போட்டி வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். உப்பளத்தைப் படம் எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னதும் நான்தான். பேராசிரியர் காசிலிங்கம் எட்டு மில்லிமீட்டர் கேமராவும் மூன்று நிமிடச் சுருள் ஒன்றும் வாங்கித் தந்தார். தூரத்தில், நடுவில், முகத்துக்கு அருகில் என மூன்று விதக் காட்சிகளும் இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள் என்றார். இன்னொரு சுருளுக்கு வழியில்லை. கேமராவைத் தொட எனக்குப் பயம். அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன்.

உப்புக் கூடை சுமந்து வந்த பெண்களை அவர் வரிசையாக நிறுத்தினார். "அசையாம நில்லுங்க" என்றார். நின்றார்கள். தூரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் அவர் எடுத்து முடித்த இரண்டரை நிமிடமும் நின்றார்கள்.

"அண்ணாச்சி, இது சினிமாக் கேமரா. அவங்க நடக்கணும்லா?"

"நடந்தா படம் கலங்கிரும்லே."

"மிச்சம் அரை நிமிசந்தான் இருக்கு. ஒரு முகத்தையாவது கிட்டப் போய் எடுங்க."

"உசுரோட நிக்கிறவளைத் தலை மட்டும் எடுக்கச் சொல்லுதியே, இதுக்குத்தான் உங்கப்பன் படிக்க வச்சானா?"

வரிசையில் நின்ற செல்லத்தாய் கூடையை இறக்கினாள். "நான் செத்த பொறவு எவன் எடுக்கப் போறான்? இப்பமே எடுங்க அண்ணாச்சி. ஆனா எம்மவ ஜெயசெல்விக்கு மாப்பிள்ளை பாக்கோம். அவளுக்குக் கால் தெரிய ஒரு படம் தரணும்."

"ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட்டிட்டு வா, ஏளா. சும்மாவே எடுத்துத் தாரேன்."

கிட்டப் போனார். அவள் புருவத்தில் உப்பு ஒட்டியிருந்தது. "அசையாத" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எங்கள் படத்தில் அசைந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. படிப்பு முடிந்த இந்த ஒரு வருடமாக அந்தச் சான்றிதழின் நகலை எல்லா வேலை விண்ணப்பங்களிலும் இணைக்கிறேன்.

முதல் ஞாயிறு செல்லத்தாய் மகளோடு வந்தபோது, அண்ணாச்சி நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு கரண்ட் இல்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

போன மாதம் செல்லத்தாய் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினாள். "தம்பி, அண்ணாச்சி சொன்ன படம்?"

"கடையை மூடியாச்சுக்கா."

வாக்குக் கொடுத்தவர் அவர். என் போட்டிப் படத்துக்காகத்தான் கொடுத்தார் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த தெருவிலேயே வேறு ஸ்டுடியோ இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஜெயசெல்விக்கு இன்னும் படம் எடுக்கவில்லை.